மேட்லாபில் காணாமல் போன 0.35

அன்புள்ள அக்கா,

டர்பனில் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறேன், வீடு சாட்ஸ்வர்த்தில். மழைநீர் வடிகால் கணக்கு ஒன்றை மேட்லாப் என்ற கணக்கு மென்பொருளில் போட்டேன். நிலப்பரப்பு 52000 சதுர மீட்டர், மழையில் வழிந்தோடும் பங்கு 0.35. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் 5.2000, 0.0000 என்று காட்டுகிறது. என் 0.35 எங்கே? விடையைக் காட்ட வரி முடிவில் அரைப்புள்ளியை விட்டுவிட்டால் போதுமா, டிஸ்ப் கட்டளை நல்லதா, எஃப்பிரிண்ட்எஃப் கட்டளை நல்லதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஒரு மாணவி

அன்புத் தங்கைக்கு,

0.35 பத்திரமாக உள்ளேதான் இருக்கிறது. எண்களுக்கு மேலே தனி வரியில் பத்தாயிரத்தால் பெருக்கச் சொல்லி ஒரு குறிப்பு வந்திருக்கும், பார். பெரிய எண்ணுக்காக மேட்லாப் வரிசை முழுவதையும் பத்தாயிரத்தால் வகுத்து நான்கு தசம இடத்தோடு காட்டுகிறது, அப்போது 0.35 என்பது 0.000035 ஆகிவிடுவதால் நான்கு இடத்தில் சுழிதான் மிஞ்சும். நிஜமான சுழியாக இருந்தால் அதே வரிசையில் வெறும் 0 என்று வந்திருக்கும், 0.0000 என்று நீட்டாது. ஃபார்மேட் ஷார்ட் ஜி என்று ஒருமுறை அடித்துவிட்டுப் பார், 52000, 0.35 என்றே வரும். ஃபார்மேட் மாற்றுவது காட்டும் விதத்தை மட்டும்தான், கணக்கு இரண்டிலும் ஒன்றே.

அரைப்புள்ளியை விடுவது நீ வேலை செய்யும்போது எட்டிப்பார்க்க நல்ல வழி. மாறியின் பெயரோடு மதிப்பு வரும். டிஸ்ப் பெயரை விட்டுவிட்டு மதிப்பை மட்டும் காட்டும். ஆனால் இன்னொருவர் படிக்கப்போகிற விடை என்றால் எஃப்பிரிண்ட்எஃப்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அலகை எழுத அதில்தான் வசதி. 2022 ஏப்ரலில் நம் ஊர்ப் பக்கம் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அந்த 300 மில்லிமீட்டரை 0.3 மீட்டராக்கி உன் பரப்பாலும் 0.35-ஆலும் பெருக்கினால் விடை 5460. வெறும் 5460 என்று திரையில் நின்றால் அது லிட்டரா கன மீட்டரா, யாருக்குத் தெரியும்? வடிகால் ஏற்பாட்டை அதை வைத்துத்தானே திட்டமிடுவார்கள்! 'வழிந்தோடும் நீர் 5460 கன மீட்டர்' என்று முழுசாக அச்சிடு.

எஃப்பிரிண்ட்எஃப்பில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். சதவீதக் குறியோடு டி போட்டால் அது முழு எண்ணுக்கு. அதில் 0.35-ஐக் கொடுத்தால் அடுக்குக்குறி வடிவில் நீளமாக வரும், அதனால் எஃப் அல்லது ஜி போடு. அப்புறம், அட்டவணையைக் கொடுத்தால் அது நெடுவரிசை நெடுவரிசையாகத்தான் படிக்கும். பரப்புகள் ஒரு நெடுவரிசை, விகிதங்கள் ஒரு நெடுவரிசை என்று வைத்திருந்தால் முதல் வரியிலேயே இரண்டு பரப்புகள் ஜோடியாக வந்து நிற்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. அட்டவணையின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஒற்றை மேற்கோளும் சேர்த்துத் திருப்பிப் போட்டுக் கொடு, ஒவ்வொரு பரப்பும் தன் விகிதத்தோடு ஒரே வரியில் வரும்.

அன்புடன்,
அக்கா