“சலத்தை எடுத்துப் பொலிசுக்குக் குடுப்பினம்”

கேள்வி: மகனுக்கு 16 வயது. ஒரு வருடமாகக் கஞ்சா. இடைக்கிடை பிரிகாபலின் என்ற, நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் குளிசையும் போடுகிறான். பகல் முழுக்கப் படுக்கை, வாய் திறந்தால் எரிந்து விழுகிறான். கிளினிக்கில் ஒரு சிகிச்சை ஆய்வில் சேரச் சொன்னார்கள். ஒருதரம் வந்தவன், தலைப்பில் உள்ளதைச் சொல்லி இப்போது வர மறுக்கிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், தருமபுரம்

பதில்: “பல்லுக் காட்டப் போறம்” என்று ஏமாற்றிக் கூட்டிப் போகாதீர்கள். அப்படி ஒருமுறை போன பிள்ளை மறுமுறை வராது. 18 வயதுக்குக் கீழ் என்பதால் உங்கள் கையெழுத்து தேவை. ஆனால் அவன் தலையாட்டாமல் அது மட்டும் போதாது. இடையில் விலகலாம், விலகினாலும் வழமையான வைத்தியம் கிடைக்கும் என்பது சம்மதப் படிவத்தில் இருக்கவேண்டும். அந்த வரியை அவனையே வாசிக்க விடுங்கள்.

ஆய்வுக்கு எடுக்கும் சலம் (சிறுநீர்) பொலிசுக்குக் கொடுக்க அல்ல. முடிவை யார் பார்ப்பார்கள், அம்மாவுக்கு எதைச் சொல்வார்கள் என்பதை அவன் முன்னாலேயே கேளுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் வீட்டுக்குச் சொல்வோம் என்பதுதான் பொதுவான ஏற்பாடு. அதன்பிறகு வாசலில் நின்று “என்ன வந்தது?” என்று விசாரிக்காதீர்கள். தினமும் கஞ்சா அடித்தவனின் சலத்தில், விட்டபிறகும் சில கிழமைகளுக்கு அது காட்டும். சலப் பரிசோதனைப் பட்டியில் கஞ்சா காட்டிய அன்றே “பொய்க்காரன்” என்று பேசினால், உண்மையாகவே விட்டவனும் வெறுத்துப்போவான். பிரிகாபலினோ சாதாரணப் பட்டியில் தெரியாது. எத்தனை போடுகிறான் என்பதை அவன் வாயால்தான் அறியவேண்டும். அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார்.

அந்த எரிச்சலைத் திமிர் என்று நினைக்காதீர்கள். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டுமல்ல, சினமாகவும் வெளிப்படலாம். “முதலில் கஞ்சாவை விடு, பிறகு மனதைப் பார்ப்பம்” என்பதும் சரிவராது. 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வும் போதைப் பாவனையும் சேர்ந்திருந்த 126 இளையோருக்கு 16 கிழமை பேச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். பாதிப்பேருக்கு அதனுடன் புளுஒக்செற்றீன் என்ற மனச்சோர்வு மருந்து, மீதிப்பேருக்கு வெற்றுக் குளிசை. மனச்சோர்வின் ஒரு அளவீட்டில் மருந்து முந்தியது. போதைப் பாவனையில் வித்தியாசமில்லை. குளிசை மட்டும் கஞ்சாவை விடுவிக்காது.

பிள்ளைகள் நழுவுவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால். பஸ் காசு இல்லை, மனநலப் பிரிவு வாங்கில் இருப்பதை அயலவர் கண்டுவிடுவார்கள் என்ற கூச்சம். கூட்டம் குறைந்த நேரம் கேளுங்கள். சலம், ஆலோசனை, மருந்து மூன்றையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லுங்கள். நினைவூட்ட அவனுடைய போனுக்கே அழைக்கட்டும். வந்ததற்கு ரீலோட் போன்ற சிறு பரிசு தரும் ஆய்வுகளும் உண்டு. அது லஞ்சமில்லை, பயன் தரும் முறை. சலம் தெளிய நாளெடுப்பதால், கஞ்சாவை விட முயலும் பிள்ளைக்கு முதல் கிழமைகளில் கிளினிக்குக்கு வந்ததற்கே பரிசு கொடுப்பது நல்லது.

புளுஒக்செற்றீன் தொடங்கினால் முதல் சில கிழமைகள் கவனம். பதற்றம், தூக்கமின்மை, சாகிற பேச்சு கூடினால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே கொண்டு வாருங்கள். இரவில் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்துப் போத்தலை இன்றே வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள்.