ஸ்கேனில் கழுத்து சுத்தமாக இருக்கும்போதும் நிணநீர்க் கணுக்களை ஏன் எடுக்கிறார்கள்?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் உங்கள் அப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் புற்றுநோய் என்றும், எம்ஆர்ஐ அதன் ஆழத்தை 6 மில்லிமீட்டர் என்று காட்டுவதாகவும், கழுத்தில் நெறி ஏதும் தெரியாதபோதும், நோய் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்களை எடுக்கக் கழுத்தையும் திறக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கழுத்து அறுவையைத் தவிர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. நான் நாகர்கோவில்காரன், புற்றுநோய்க் கதிர்வீச்சுப் பிரிவில் தொழில்நுட்பப் பணியில் இருக்கிறேன். அறுவை மருத்துவர் அல்லன் என்றாலும், உங்கள் மருத்துவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

பெட் ஸ்கேனில், குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளில் ஃப்ளூரின்-18 என்னும் கதிரியக்க அணுவைச் சேர்த்து நரம்பில் செலுத்துகிறார்கள். சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சும் புற்றணுக்கள் படத்தில் ஒளிர்கின்றன. ஆனால் ஒளிர்வதற்கும் ஓரளவு திரட்சி வேண்டும். ஒரு கணுவுக்குள் ஓரிரு மில்லிமீட்டர் அளவில் ஒட்டியிருக்கும் புற்றணுக் கூட்டத்தைப் பெட், சிடி, எம்ஆர்ஐ ஆகிய எதனாலும் நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க இயலாது. அதை எடுத்து, சீவி, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். எனவே ‘ஸ்கேனில் இல்லை’ என்பதற்குக் ‘கண்ணுக்குத் தெரியும் அளவில் இல்லை’ என்பதே பொருள்.

இதற்கான வலுவான சான்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலிருந்தே வந்தது. ஆரம்ப நிலை வாய்ப்புற்று இருந்து, கழுத்தில் ஏதும் தென்படாத நோயாளிகளை அங்கே இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வாய் அறுவையோடு கழுத்துக் கணுக்களையும் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு, பின்னாளில் கழுத்தில் நோய் வந்தால் அப்போது எடுப்பது என்று காத்திருந்தார்கள். 2015 இல் வெளியான முடிவின்படி மூன்றாண்டு முடிவில் முதல் பிரிவில் 80 விழுக்காட்டினரும், காத்திருந்த பிரிவில் 67.5 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். நம் நாட்டு நோயாளிகளிடம், நம் நாட்டு நோயில் கிடைத்த விடை என்பதால் இதற்கு நான் மிகுந்த மதிப்புத் தருகிறேன். புற்று எந்த நிலையில் இருக்கிறது என்று மருத்துவர்கள் வகைப்படுத்தும் முறையின், 2018 இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில் புண்ணின் அகலத்தோடு ஆழமும் கணக்கில் சேர்ந்தது. 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலே, அகலம் சிறிதாக இருந்தாலும், அது இரண்டாம் படிக்குப் போய்விடும். உங்கள் அப்பாவின் 6 மில்லிமீட்டரை மருத்துவர் ஏன் அழுத்திச் சொல்கிறார் என்பது இதனால் விளங்கும்.

தோளைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. விடியுமுன் மரம் மரமாகப் போய்க் கத்தி பிடிப்பவருக்குத் தோள் இறங்கிவிட்டால் பிழைப்பே போய்விடும். பழைய முறையில், தோளை உயர்த்தும் பதினோராம் கபால நரம்பையும் சேர்த்தே வெட்டியெடுத்தார்கள். இப்போது உங்கள் அப்பாவின் நிலையில் உள்ளவர்களுக்கு, நோய் பரவ வாய்ப்புள்ள கணு அடுக்குகளை மட்டும் எடுத்து அந்த நரம்பைக் காப்பாற்றுகிறார்கள். நரம்பு இழுபடுவதால் சில மாதங்கள் பலவீனம் இருக்கலாம் என்பதால், தோள் பயிற்சியை எப்போது தொடங்குவது என்று அறுவைக்கு முன்பே கேட்டு வையுங்கள். புண்ணைச் சுற்றிக் கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அது முதலில் சென்று சேரும் கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் சென்டினல் கணு முறையும் உண்டு. பிரான்சிலும் ஜப்பானிலும் நடந்து 2020, 2021 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள், உயிர்வாழ்வில் அது கணு அடுக்குகளை எடுக்கும் கழுத்து அறுவைக்குக் குறைந்ததல்ல என்று காட்டின. அதற்குப் பழகிய குழு இருக்கும் இடத்தில் மட்டுமே அதை நாட வேண்டும்.

பெட் ஸ்கேன் கழுத்தைக் காப்பாற்றும் சூழல் வேறு. கழுத்துக் கணுக்கள் ஏற்கெனவே பெரிதாகி, கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு, முன்பெல்லாம் சிகிச்சை முடிந்ததும் கழுத்தைத் திறக்கும் வழக்கம் இருந்தது. பிரிட்டனில் 564 பேரிடம் நடந்து 2016 இல் வெளியான ஆய்வில், 12 வாரம் கழித்துப் பெட் எடுத்துத் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் அறுவை செய்தபோது உயிர்வாழ்வு குறையவில்லை. அறுவைகளின் எண்ணிக்கை 221 இலிருந்து 54 ஆக இறங்கியது. அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது தொண்டைப் புற்று. எனவே நாக்குப் புற்றுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. அவசரப்பட்டு முன்னதாகப் பெட் எடுத்தாலும், கதிர்பட்ட திசுவின் வீக்கமே நோயைப் போல ஒளிர்ந்து வீண் கலக்கம் தரும்.

அறுவைக்குப் பின் நுண்ணோக்கி அறிக்கையைப் பார்த்துக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கச் சொன்னால், ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது. அதற்கு முன் பல் மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள்; கதிர்பட்ட தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகக்கூடும். கதிர்வீச்சின்போது தலை அசையாமல் இருக்க, வெந்நீரில் இளக்கிய வலைத்தகட்டை முகத்தின் மேல் இழுத்துப் பதித்து முகமூடி செய்வோம். மூக்கும் தாடையும் அச்சாகப் பதிந்து சில நிமிடங்களில் இறுகிவிடும். முதல் நாள் பலர் உள்ளங்கை வியர்த்து எங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். வலி இருக்காது, மூச்சும் தடைபடாது என்று அப்பாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். தலை அசையாமல் இருப்பதால்தான், ஐஎம்ஆர்டி முறையில் கதிரின் அளவைப் பகுதிக்குப் பகுதி மாற்றி, காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியைக் கூடியவரை ஒதுக்க முடிகிறது. 2011 இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், ஓராண்டு கழித்து மிதமான அல்லது அதைவிடக் கடுமையான வாய் வறட்சி பழைய முறையில் 74 விழுக்காட்டினருக்கும் இந்த முறையில் 38 விழுக்காட்டினருக்கும் இருந்தது. சோற்றை உருட்டி விழுங்க எச்சில் ஊறுவது எவ்வளவு பெரிய வரம் என்பதை எங்கள் நோயாளிகளிடம் கேட்டால் தெரியும்.

உடலின் நோய் எதிர்ப்பாற்றலைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்துகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவை இப்போதைக்கு உங்கள் அப்பாவுக்குத் தேவைப்படும் என்று தோன்றவில்லை.

உங்கள் அம்மாவும் புகையிலையோடு வெற்றிலை போடுபவர் என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை, நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்திலேயே, நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஐ. எம். ஓர் என்ற மருத்துவர் 1933 இல் லான்செட் இதழில் எழுதிவிட்டார். புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கை மட்டும் மெல்வதும் பாதுகாப்பன்று. பாக்கே புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகமை 2004 இல் வகைப்படுத்திவிட்டது. அப்பாவை அழைத்துச் செல்லும் அதே நாளில் அம்மாவின் வாயையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயைப் பழையபடி அகலத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், வலி இல்லை என்று தள்ளிப்போடாமல் சதைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.