அம்புக்குறியைப் போட்டது யார்?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே எஸ்.இ.எம். பற்றியவை. கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். வேலைத் திருப்தி, ஈடுபாடு, மன உளைச்சல் போன்றவற்றை நேரடியாக அளக்க முடியாது. அவற்றைப் பல கேள்விகள் வழியாகப் பிடித்து, எது எதோடு எவ்வளவு சேர்ந்து நகர்கிறது என்று ஒரே கணக்கில் பார்க்கும் முறை இது. எது எதைப் பாதிக்கிறது என்று ஆய்வாளர் அம்புக்குறிகளோடு ஒரு படம் (மாதிரி) வரைவார். அது தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதுதான் ஃபிட்.

கேள்வி (திருப்பூர், முனைவர் பட்ட மாணவி): பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் 310 பேரிடம் 25 கேள்விகள் கேட்டேன். ஃபிட்டைச் சொல்லும் எண்களில் சி.எஃப்.ஐ. (1-ஐ நெருங்கினால் நல்லது) 0.87, ஆர்.எம்.எஸ்.இ.ஏ. (குறைந்தால் நல்லது) 0.09 என்று வருகிறது. மென்பொருள் தரும் மாற்றக் குறியீடுகளைப் பார்த்து, கேள்விகளின் பிழைகளுக்கு (மாதிரி விளக்காமல் விட்ட மிச்சங்களுக்கு) நடுவே, அவை சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் வளைவு அம்பு போட்டுக்கொண்டே போனால் ஃபிட் வந்துவிடும் என்கிறார்கள். போடலாமா?

போட்டால் வரும். எந்த மாதிரிக்கும் வரும், அதுதான் சிக்கல். ஒரு இணைப்பைத் திறந்துவிட்டால் கை-ஸ்கொயர் (மாதிரி தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற எண்) ஏறத்தாழ எவ்வளவு குறையும் என்பதை மட்டுமே அந்தக் குறியீடு சொல்கிறது. 3.84-ஐத் தாண்டினால் கவனிக்கலாம் என்பது வழக்கம். உங்கள் 25 கேள்விகளுக்குள் 300 ஜோடிகள் உண்டு. மாதிரி முழுக்கச் சரியாகவே இருந்தாலும், நூற்றுக்கு ஐந்து வீதம் சுமார் 15 ஜோடிகள் தற்செயலாக அந்த அளவைத் தாண்டிவிடும். அதையெல்லாம் கோடு போட்டு இணைத்தால் அந்த 310 பேரின் தற்செயலைத்தான் படமாக வரைந்திருப்பீர்கள்.

‘சூப்பர்வைசர் நான் சொல்வதைக் கேட்பார்’, ‘சூப்பர்வைசர் என் யோசனையைக் கேட்பார்’ என்று கிட்டத்தட்ட ஒரே வாக்கியம் இரண்டு இடத்தில் இருந்தால் அங்கே ஒரு வளைவு அம்பு நியாயம். காரணத்தையும் எழுதிவிடுங்கள். வேலைப்பளுக் கேள்வியின் பிழையையும் குடும்ப வாழ்க்கைக் கேள்வியின் பிழையையும் இணைக்க என்ன காரணம் சொல்வீர்கள்? வைவாவில் கேட்பார்கள்.

ஃபிட் ஏன் வரவில்லை என்பதற்கு விடை கொஸ்டினேரிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். ‘எனக்கு வேலை அதிகம்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்கு வேலை அதிகம் என்றால் சனிக்கிழமை கையில் கூடுதல் பணம். ஷிப்ட் சம்பளத்தில் செக்கிங் பார்க்கும் அம்மாவுக்கு அது வெறும் முதுகுவலி. ஒரே கேள்வி இரண்டு பேருக்கு எதிரெதிர்ப் பொருள் தருகிறது. இரண்டையும் ஒரே குழுவில் போட்டால் எந்த மாதிரியும் பொருந்தாது. கூலி முறையை வைத்து இரண்டு குழுவாகப் பிரித்து ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், தாளை யார் கொடுத்தார்கள்? சூப்பர்வைசர் கையால் போயிருந்தால், “எல்லாத்துக்கும் அஞ்சே போட்டுக்குங்க” என்ற பதில்தான் நிறைய வந்திருக்கும். தலைகீழாகக் கேட்ட கேள்விகளுக்கும் ஐந்தே போட்ட தாள்களைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

ஹூ, பென்ட்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999-இல் சொன்ன, சி.எஃப்.ஐ.க்கு 0.95, ஆர்.எம்.எஸ்.இ.ஏ.க்கு 0.06 என்ற அளவுகள் கணினியில் உருவாக்கிய தரவுகளை வைத்து வந்த வழிகாட்டிகள். சட்டம் அல்ல. அதற்காக 0.87-ஐ நல்ல ஃபிட் என்று சொல்லவும் முடியாது.

கேள்வி (கரூர், ஜவுளி ஏற்றுமதி நிறுவன மேலாளர்): எங்களிடம் ஆய்வு செய்த மாணவர், போனஸ் திருப்தி ஈடுபாட்டைக் கூட்டுகிறது, ஈடுபாடு ஆள் நிற்பதைக் கூட்டுகிறது என்று 0.52 குணகம் காட்டினார். போனஸைக் கூட்டினால் ஆள் நிற்பார்களா?

அந்த எண் அதைச் சொல்லாதுங்க. அம்புக்குறியைப் போட்டது மாணவர், மென்பொருள் அல்ல. இந்த மூன்றும் மட்டும் உள்ள மாதிரியில் சங்கிலியை அப்படியே திருப்பிப் போட்டாலும், ஈடுபாட்டிலிருந்து இரு பக்கமும் அம்பு விட்டாலும் ஃபிட் எண்கள் இம்மி பிசகாமல் அதேதான் வரும். வேலையை விட மனமில்லாதவர் போனஸையும் நல்லதாகவே சொல்வார் என்பதும் நடக்கக்கூடியதுதானே? கினிப் பன்றிகளின் நிறத்தை ஆராய்ந்து இந்த முறைக்கு அடிப்படை போட்ட மரபியலாளர் சூவல் ரைட்டே, தொடர்பு எண்ணிலிருந்து காரணத்தைக் கறந்துவிட முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இன்னொன்று. ஒரே ஆள், ஒரே தாள், ஒரே நேரம். அன்றைக்கு மனசு நன்றாக இருந்தால் எல்லாப் பதிலும் சேர்ந்தே ஏறும். போனஸ் பேச்சு நடக்கும் வாரத்தில் கேட்டால் ஒன்று சொல்வார்கள், பட்டுவாடா ஆனபின் வேறு சொல்வார்கள்.

உங்களிடம் அதைவிட நல்ல தரவு இருக்கிறது: வருகைப் பதிவேடு. ஆவணியில் கொஸ்டினேர் கொடுங்கள். தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள் என்று பதிவேட்டைப் பார்த்துச் சேருங்கள். ‘வேலையை விட்டுவிடுவீர்களா’ என்று கேட்டு வாங்கும் பதிலைவிட இது எவ்வளவோ மேல். வந்தார், வரவில்லை என்று இரண்டே விடை என்பதால் வழக்கமான மதிப்பீட்டு முறை பொருந்தாது. லாவான் மென்பொருளில் அதை வரிசை மாறி (ordered) என்று அறிவித்தால், இப்படிப்பட்ட விடைகளுக்கான டபிள்யூ.எல்.எஸ்.எம்.வி. முறைக்கு அதுவே மாறிக்கொள்ளும். இதுவும் காரணத்தை நிரூபிக்காது. எது முன்னால், எது பின்னால் என்பதாவது உறுதியாகும்.

கேள்வி (நாமக்கல்): மூன்று கேள்விகள் வழியாக அளக்கும் ஒரே காரணிக்கு (நேரடியாக அளக்க முடியாத ஒன்றுக்கு) சி.எஃப்.ஐ. 1.00 வந்தது. அப்படியே எழுதலாமா?

வேண்டாம். மூன்று கேள்விகள் தருவது 6 தகவல்கள் (3 மாறுபாடுகள், 3 ஜோடித் தொடர்புகள்), நீங்கள் மதிப்பிடும் எண்களும் 6. மிச்சம் பூஜ்யம். அந்த மாடல் தோற்கவே முடியாது.

கேள்வி (கோவை): எஸ்.இ.எம். ஓட்ட எந்த மென்பொருள்: ஆமோஸா, ஸ்மார்ட் பி.எல்.எஸ்.ஸா?

கோட்பாட்டைச் சோதிக்க ஆமோஸ் வகை, முன்கணிப்புக்கு பி.எல்.எஸ். என்பது பொதுவான பிரிவு. ‘சாம்பிள் சின்னது, அதனால் பி.எல்.எஸ்.’ என்ற வரியை மட்டும் எழுதாதீர்கள். காசு இல்லை என்றால் ஆர் மொழியில் லாவான் இலவசம்.

கேள்வி (பொள்ளாச்சி): ஆறு கயிறு ஆலைகளில் 240 பேர். போதுமா?

தொழிலாளியின் திருப்தியைப் பற்றி என்றால் ஓரளவு போதும். ஆனால் ஒரே ஆலையில் இருப்பவர்கள் ஒரே முதலாளியைப் பற்றித்தான் சொல்கிறார்கள், அதனால் 240 தனித்தனிப் பதில்கள் என்று கணக்கில் கொள்ள முடியாது. ‘நிறுவனச் சூழல்’ பற்றிய கேள்வி என்றால் உங்கள் எண்ணிக்கை 6.

கேள்வி (பெருந்துறை): தமிழ்த் தொழிலாளர்களையும் ஒடிசா, பிகாரிலிருந்து வந்தவர்களையும் ஒப்பிடுகிறேன். மன உளைச்சலின் சராசரி வடக்கத்தியவர்களுக்குக் குறைவு. காரணம் என்ன?

காரணத்துக்கு முன்னால், இரண்டு குழுவும் ஒரே அளவுகோலில் அளக்கப்பட்டதா என்று பாருங்கள். இந்திக்கும் ஒடியாவுக்கும் மாற்றிய கேள்விகளை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தாரா? அதன்பின் மூன்று படிகள்: முதலில் அமைப்பு (எந்தக் கேள்வி எந்தக் காரணிக்கு), பிறகு காரணிச் சுமை (கேள்வி காரணியோடு எவ்வளவு இணைகிறது), கடைசியாக வெட்டுத்துண்டு (காரணி ஒரே அளவில் இருக்கும்போது பதில் எங்கே தொடங்குகிறது). இவை குழுக்களுக்குள் ஒன்றாக இருக்கின்றனவா என்று வரிசையாகச் சோதிக்க வேண்டும். மூன்றாவது படி தேறாமல் சராசரிகளை ஒப்பிடக் கூடாது. ஓரிரு கேள்விகள் மட்டும் தவறினால் அவற்றை மட்டும் தளர்த்திவிட்டு ஒப்பிடலாம். விடுதியிலேயே கங்காணி பக்கத்தில் நிற்கும்போது தாளை நிரப்பியிருந்தால், இந்தச் சோதனையெல்லாம் தேறினாலும் அந்தக் குறைந்த சராசரியை நான் நம்ப மாட்டேன். வெளியே டீக்கடைப் பக்கம் வைத்துச் சிலரிடமாவது மறுபடி கேளுங்கள்.