பட்டி பார்ப்பதற்கு முன்னால்: வீட்டுப் பழுது கேள்வி பதில்

ஹால் சுவரில் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு பெயின்ட் பொரிந்து பொடிப்பொடியாக உதிர்கிறது. சுரண்டிவிட்டு, நானே பட்டி பார்த்து பெயின்ட் அடித்தேன். அடுத்த மழைக்கே பழையபடி ஆகிவிட்டது. வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் நிற்குமா?
- வாசகர், தஞ்சாவூர்

நிற்காது. தயவுசெய்து அந்தச் செலவைச் செய்யாதீர்கள். உதிர்ந்த இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டும். அதுதான் உப்பு. செங்கல் மண்ணிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது, தண்ணீர் எங்கே ஆவியாகிறதோ அங்கே அதில் கரைந்திருந்த உப்பு படிகமாகித் தங்கி, பெயின்டையும் பட்டியையும் உள்ளிருந்து தள்ளிவிடுகிறது. இதன்மேல் காற்றுப் புகாத பெயின்டை அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், இரண்டடியில் நின்ற ஓதம் மூன்றடிக்குப் போகும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சித்திரை வெயிலிலும் சுவர் காயவில்லை என்றால் குழாய்க் கசிவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறையோ, சுவருக்குள் குழாயோ போகிறதா? ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பென்சிலால் குறித்து வைத்து, காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

அது இல்லை என்றால் வெளியே போய்ப் பாருங்கள். நம்மூரில் தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு உயர்த்த, வீட்டுக்காரர்களும் வாசலில் மண்ணைக் கொட்டி உயர்த்திவிடுகிறோம். அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத்தைத் தடுக்கப் போட்ட பூச்சு வரிசை அந்த மண்ணுக்குள் புதைந்து போகிறது, அப்புறம் மண்ணின் ஈரம் அதைத் தாண்டி நேராகச் செங்கலுக்குப் போய்விடுகிறது. சுவரோரம் கொட்டிய மண்ணை எடுங்கள், மழைத்தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடுவதுண்டு.

அதற்குப் பிறகுதான் உள்வேலை. ஓதம் தெரியும் உயரத்துக்கு மேலும் ஒரு அடி சேர்த்துப் பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும், தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். சில வாரங்கள் அப்படியே திறந்து போட்டுக் காயவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. திரும்பப் பூசும்போது உப்புக்கரிக்கும் போர் தண்ணீரில் கலவை போட விடாதீர்கள். அப்படியும் ஏறினால், சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ஓதம் தடுக்கும் ரசாயனத்தைச் செலுத்தும் முறை இருக்கிறது, அதை அந்த வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

பிள்ளைகள் படுக்கும் அறையில் சீலிங் பூச்சு கான்கிரீட்டோடு சேர்ந்து பெயர்ந்து விழுந்தது. கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. "சிமென்ட் வைத்து அடைத்தால் போதும்" என்கிறார் கொத்தனார். நானே அடைக்கலாமா?
- வாசகி, கடலூர்

முதலில் கட்டிலை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள் அம்மா. இன்றைக்கே.

இரும்பு துருவானால் முன்னைவிடப் பருத்து அதிக இடத்தை அடைக்கும், அந்த அழுத்தம் தாங்காமல்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது. துருவின்மேல் சிமென்ட் அப்பினால் உள்ளே துரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும், கொஞ்ச நாளில் அந்த ஒட்டும் சேர்ந்து விழும். ஒரு நீளக் கழியால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே வாருங்கள், நேர் அடியில் நிற்காமல் தள்ளி நின்று. டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்கும் இடமெல்லாம் அடுத்து விழக் காத்திருப்பவை.

பழுது சின்ன இடத்தில்தான் என்றாலும் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, வயர் பிரஷால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துரு தடுக்கும் பூச்சும் பழைய கான்கிரீட்டோடு ஒட்டவைக்கும் ரசாயனமும் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தாலோ, பல கம்பிகள் தெரிந்தாலோ, பீமில் விரிசல் இருந்தாலோ நீங்கள் கை வைக்கவே வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம். கட்டுமான இன்ஜினீயர் வந்து பார்க்கட்டும்.

மேலே மொட்டை மாடி ஒழுகும்வரை கீழே எதைச் செய்தாலும் வீண். மழைத்தண்ணீர் இறங்கும் துவாரத்தைச் சுற்றி, அடுத்து கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, அப்புறம் தட்டோடுகளுக்கு இடையில் கலவை போன இடங்கள், இந்த வரிசையில் பாருங்கள்.

ஃபிளஷ் டேங்கில் தண்ணீர் எந்நேரமும் ஓடுகிறது. எதை மாற்ற வேண்டும்?
- வாசகர், ஈரோடு

டேங்கில் கொஞ்சம் கலர் பொடி போட்டுவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் கால் மணி நேரம் விடுங்கள். நடுக்குழாயின் வாய் வழியே தண்ணீர் வழியாமலேயே கோப்பையில் கலர் இறங்கினால் அடியில் உள்ள வாஷர் போய்விட்டது. அந்த வாய் வழியே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் பழுது மிதவை வால்வில். இரண்டும் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போனால் அளவு மாறாது.

கீசர் போட்டதும் மெயினில் டிரிப் ஆகிறது. ஆர்சிசிபியை (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை) எடுத்துவிட்டு நேரடியாக இணைத்தால் பிரச்சினை இருக்காது என்கிறார் வேலைக்கு வந்தவர். செய்யலாமா?
- வாசகர், மதுரை

கூடவே கூடாது. வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பொதுவாக வீடுகளில் இருக்கும் ஆர்சிசிபி, இரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வருவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதைவிட அதிகமான கசிவு உடம்பு வழியாகப் போனால் உயிருக்கே ஆபத்து. லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ மட்டும் துண்டிக்கும் சாதாரண எம்சிபி இதைக் கண்டுபிடிக்காது. ஆக, அது டிரிப் ஆவது உங்களைக் காப்பாற்றத்தான். உப்புத்தண்ணீர் ஊர்களில் கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் மேல் உப்பு படிந்து, உறை வெடித்து, தண்ணீர் உள்ளே போவதுதான் பெரும்பாலும் காரணம். கீசர் இணைப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள், மற்றதெல்லாம் ஓடினால் பழுது கீசரில்தான். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துக் காயிலை மாற்றுங்கள், அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் ஒயர் உண்மையில் இணைந்திருக்கிறதா என்றும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வெந்நீரை அடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.