வளர்ப்புப் பாம்புக்கு எந்த மாதிரி தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும்?

பாம்புக்குத் தண்ணீர்க் கிண்ணம் என்பது குடிக்க மட்டுமல்ல, உள்ளே இறங்கிச் சுருண்டு ஊறவும் வேண்டிய பாத்திரம். (சாரை, நல்ல பாம்பு போன்ற நம்மூர்ப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இது முறையாகப் பதிவு செய்த பால் பைத்தான் (ball python, பந்து மலைப்பாம்பு), கார்ன் ஸ்நேக் (corn snake) போன்ற வெளிநாட்டு வகைகளுக்கு.)

பாம்பு நாக்கால் நக்கிக் குடிப்பதில்லை. வாயைத் தண்ணீரில் வைத்ததும், கீழ்த்தாடையின் மடிப்புகள் தரை துடைக்கும் துணி மாதிரி நீரை உறிஞ்சிக்கொள்ளும். தாடை அசைய அசைய அது தொண்டைக்குள் போகும். கூண்டில் ஈரம் குறைந்தால் சட்டை முழுசாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். மதுரைச் சித்திரை வெயிலில், அதுவும் மின்விசிறி ஓடும் அறையில், கூண்டு சீக்கிரம் காய்ந்துவிடும்.

அதனால் உடல் முழுதும் அடங்கும் அகலமும் கவிழாத கனமும் வேண்டும். வழவழப்பான பீங்கான் கிண்ணம் சரி. பாதிக்கு மேல் ஊற்றினால், பாம்பு இறங்கியதும் வழிந்துவிடும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், பாம்பு அதிலேயே கழிவதும் உண்டு. நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தால் அதிகச் சூடோ உண்ணித் தொல்லையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், புற்றுக்குப் பால் ஊற்றுகிறோமே என்று கிண்ணத்தில் பால் வைக்காதீர்கள். பாம்புக்குப் பால் செரிக்காது, தாகத்துக்குத் தண்ணீர்தான்.