இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரைச் சிறிய அலுவலகத்தில் மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றலாம். ஆனால் புதியதை வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். அதைச் செய்யாததால் எங்கள் அலுவலகம் எட்டு மாதம் அல்லல்பட்டது.

பத்துப் பேர் வேலை செய்வதாகவும், வேகச் சோதனையில் எண் சரியாக வந்தாலும் காணொளி அழைப்புகள் அறுந்துபோவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கும் இதே கதைதான். கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் அலுவலகம், பன்னிரண்டு பேர், பதிவிறக்கம் 100 மெகாபிட், பதிவேற்றம் 20 மெகாபிட். பிற்பகலானால் வாடிக்கையாளரின் குரல் துண்டு துண்டாக வரும். உதவி மையத்தை அழைக்கும்போதெல்லாம், "இணைப்பில் பழுதில்லை, உங்கள் ஆட்கள்தான் அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள்" என்றார்கள். அதை நம்பி, உடன் வேலை செய்யும் ஒருவரைக் கடிந்துகொண்டேன். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. இன்றுவரை அது என் மனத்தை உறுத்துகிறது.

பிறகு ஒரு நாள் வைஃபையை ஒதுக்கிவிட்டு, மடிக்கணினியை ரவுட்டரோடு நேரடியாகக் கேபிளில் இணைத்து, ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும் பிங்கை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 14, 13, 15 மில்லிவிநாடி என்று அமைதியாக வந்துகொண்டிருந்த எண்கள், அடுத்த மேசைக்காரர் 300 மெகாபைட் வரைபடக் கோப்பைப் பதிவேற்றத் தொடங்கியதும் 240, 610, 900 என்று ஏறின. இரண்டு நிமிடத்தில் கோப்பு போய்ச் சேர்ந்தது. அடுத்த வரியிலேயே மறுபடியும் 14.

அந்த ரவுட்டர் பெட்டி, வெளியே போக வேண்டிய தரவுத் துண்டுகளான பொட்டலங்களையெல்லாம் ஒரே நீண்ட வரிசையில் நிறுத்திவிடுகிறது. அதனால் பேச்சின் சின்னஞ்சிறு பொட்டலமும் அந்தப் பெரிய கோப்பு நகரும்வரை பின்னால் காத்துக் கிடக்கிறது. இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். வேகச் சோதனையின் பெரிய எண்ணைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 2018இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான எஃப்க்யூ-கோடெல், அதன் வழிவந்த கேக் ஆகிய முறைகள் ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை அமைத்து இந்தத் தேக்கத்தைத் தவிர்க்கின்றன. அவற்றில் ஒன்றை ஆதரிக்கும் ரவுட்டரை வாங்கி, பதிவேற்ற வரம்பை 18 மெகாபிட்டாகக் குறைத்து வைத்தேன். அதே கோப்பு ஏறும்போது பிங் இப்போது 25ஐத் தாண்டுவதில்லை.

உங்கள் சோதனையில் கேபிளில் பிங் நிலையாக இருந்து வைஃபையில் மட்டும் தடுமாறினால், ரவுட்டரை மாற்றியும் பயனில்லாமல் போகலாம். அறையின் நடுவே கேபிள் இழுத்து வைஃபை அலையைப் பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வைப்பதே போதும்.

மாற்றுவதென்று முடிவானால், பழைய பெட்டியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். ஃபைபர் இணைப்பில் ஒளிக் குறிப்பை மின்குறிப்பாக மாற்றும் ஓஎன்டி என்ற கருவி பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். நான் புதியதை அப்படியே அதன் பின்னால் செருகினேன். அலுவலகத்தின் உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் வேலை (நாட்) இரண்டு பெட்டியிலும் நடந்ததால், வெளியிலிருந்து எங்கள் கோப்பு சர்வருக்குள் நுழைய முடியவில்லை. பழையதை, ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றிய பிறகே அது சரியானது. அதற்குமுன் இணைப்புக்குள் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், அந்த இணைப்புக்கு நிறுவனம் ஒதுக்கிய விலான் எண் மூன்றையும் அவர்களிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். புதிய ரவுட்டருக்கும் பழைய முகவரி வரிசையையே கொடுங்கள். நான் வேறு வரிசை கொடுத்துவிட்டதால், 192.168.1.50 என்று நிலையாக அமைத்திருந்த பிரிண்டரை மறுநாள் காலையில் எந்தக் கணினியாலும் அடைய முடியவில்லை.

நிறுவனப் பெட்டிகள் எல்லாமே மோசம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு அவை தாராளமாகப் போதும். என் ஆதங்கம் வேறு. என் இணைப்புக்கான கடவுச்சொல்லைப் பெற நான்கு முறை அழைக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் எதற்காகக் கேட்கிறேன் என்று விளக்கவும் வேண்டியிருந்தது. அவர்களோ முன்பு ஓர் இரவு டிஆர்-069 என்ற தொலைநிர்வாக வசதி வழியாகத் தொலைவிலிருந்தே பெட்டியைப் புதுப்பித்து, என் அமைப்புகள் அனைத்தையும் அழித்தபோது ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பவில்லை.