கெட்டிமேளம் முடிந்த பிறகு கூலி கேட்காதீர்கள்: கேள்வி பதில்

வேலூர் வட்டாரத்து வாத்தியக் கலைஞர்கள் சங்கத்தில் சேர்வது பற்றிக் கேட்டவற்றுக்கு, தவில் வாசிப்பவனும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் பழைய பொருளாளருமான என் பதில்கள்.

ஐயா, நான் பம்பை அடிப்பவன். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருக்கிறது. தனியாகச் சங்கம் எதற்கு? (குடியாத்தம்)

வாரியம் அரசாங்கத்துடையது, 2007-இல் வந்தது. பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, இறப்பு என்றால் உதவித்தொகை கிடைக்கும். அட்டையைக் காலத்தில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஆனால் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஐந்து பேரைப் பேசிவிட்டு மூன்று பேர் கூலியை நீட்டினால், வாரியம் வந்து கேட்காது. கேட்க வேண்டியது சங்கம்தான்.

முன்பணம் கொடுத்தவர்கள் மீதியைத் தர இழுத்தடிக்கிறார்கள். சங்கம் வாங்கித் தருமா? (ஆற்காடு, பேண்டு வாத்தியம்)

எழுத்தில் ஏதாவது இருந்தால் பேசிப் பார்க்கும். வாய்ப்பேச்சென்றால் சங்கத் தலைவரும் உங்களைப் போலத்தான் வாசலில் நிற்பார்.

எனக்கே நடந்தது. ஒரு கல்யாண வீட்டில் மீதியை "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றார்கள். பந்தி முடிந்தது, மண்டபம் காலியானது, பணம் வைத்திருந்த மாமா காரில் போய்விட்டார். தோளில் தவிலோடு சமையல்காரர்களிடம் முகவரி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து பள்ளி நோட்டுத் தாளில் ஆறு வரி எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்: தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், வண்டிச் செலவு யாருடையது, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது. அந்தக் கடைசி வரியில் "முகூர்த்தத்துக்கு முன்" என்று இருக்கட்டும். கெட்டிமேளம் கொட்டும்வரை நம்மைத் தேடுவார்கள். கொட்டி முடித்தால் நாம்தான் அவர்களைத் தேட வேண்டும். நிகழ்ச்சி ரத்தானால் முன்பணம் யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

அண்ணே, நான் கீபோர்டு வாசிக்கிறேன். சென்னையில் சினிமா இசைக்கலைஞர்கள் சங்கத்தில் சேர்ந்தால் ஒலிப்பதிவு வேலை வருமா? (காட்பாடி)

தம்பி, உறுப்பினர் அட்டை வேலை வாங்கித் தராது. வந்த வேலைக்கு உரிய ஊதியம் கிடைக்கத்தான் சங்கம். அதை உருவாக்கியவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். 1925-இல் சித்தூரில் பிறந்தவர். 1911 வரை அந்தச் சித்தூரும் நம் வட ஆற்காடுதான். வாசித்தவனின் கூலியை இசையமைப்பாளரின் தயவில் விடக் கூடாது என்று ஓர் இசையமைப்பாளரே நின்றது பெரிய விஷயம். கட்டணத்தையும் விதிகளையும் ரயிலேறிப் போய்ச் சங்க அலுவலகத்திலேயே கேளுங்கள். "நான் சேர்த்துவிடுகிறேன்" என்று காட்பாடியிலேயே பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். ஆண்கள் சங்கத்தில் நான் போய் என்ன பேசுவது? (வாலாஜாபேட்டை)

கச்சேரி முடிய இரவு ஒரு மணி ஆகிறதே அம்மா, அதைப் பேசுங்கள். வீட்டு வாசல்வரை வண்டி, உடை மாற்ற ஓர் அறை: இவை இரண்டும் சங்கத் தீர்மானத்தில் ஏறினால் குழு நடத்துபவர் உங்களிடம் சலித்துக்கொள்ள முடியாது. எங்கள் சங்கத்தில் இந்தப் பேச்சு வரவே பல வருடம் ஆனது. எங்களுக்குத்தான் வெட்கம்.

எங்கள் ஊரில் சங்கமே இல்லை. ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாமாமே? (திருப்பத்தூர்)

விண்ணப்பத்தில் கையெழுத்திட ஏழு பேர் போதும். ஆனால் தொழிற்சங்கச் சட்டத்தில் 2001-இல் வந்த திருத்தத்திலிருந்து, அந்தத் தொழிலில் இருப்பவர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை உறுப்பினர்கள் வேண்டும். முதலில் சந்தா ரசீதுப் புத்தகம் அச்சடியுங்கள். லெட்டர்பேடு அடித்துவிட்டு ரசீது போடாத சங்கங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அறுபது வயது ஆகிவிட்டது, நாதசுரம் ஊத மூச்சு இல்லை. இனிச் சேர்ந்து என்ன பயன்? (அணைக்கட்டு)

உங்களுக்கு முதலில் தேவை இயல் இசை நாடக மன்றத்தின் நலிந்த கலைஞர் நிதியுதவி. 58 வயது நிறைந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். கோயில்களில் வாசித்ததற்கான சான்று, பழைய நோட்டீஸ், புகைப்படம் எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள். பரணில் பெட்டி இருக்கும், பாருங்கள்.